சிரிக்க மறுத்த வில்லன் அருளப்பன்

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஸ்டீபன் என் அலுவலக வாசலில் வந்து நின்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, "செசிலிக்கு என்ன ஆச்சு?" என்பதுதான். ஸ்டீபன், அருளப்பனின் தங்கை செசிலியின் கணவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலை நேரத்தில் திருவொற்றியூருக்கு சைக்கிள் மிதித்து வருகிற ஆள் இல்லை. "செசிலிக்கு ஒண்ணும் இல்ல சார். மச்சான்தான். ஷிப்டுக்குப் போறதுக்கு சொக்கா மாட்டிகினு இருந்தாரு. அப்டியே கட்டில்ல உக்காந்தாரு. அவ்ளோதான்," என்றார். எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அதன் பிறகுதான் அழுகை வந்தது. அந்த நிம்மதிக்காக நான் வெட்கப்படவில்லை. அருளப்பன் என் இடத்தில் இருந்திருந்தால் அவரும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பார். பல வருடங்களாக எங்கள் இருவருக்கும், நேரங்கெட்ட நேரத்தில் ஆள் வந்தால், முதலில் வருகிற நினைப்பு அதுதான்.

இந்த நினைவு மலரைப் படிக்கிற நாடக மன்றத்து நண்பர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். அருளப்பன் துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டியவர். இளவயதில் இரும்புக் கயிறு ஒன்று அறுந்து அடித்ததில் இடது புருவம் பாதி போய், அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்துவிட்டது. போதாக்குறைக்குக் கரகரத்த தொண்டை. கடவுள் இதையெல்லாம் வீணாக்காமல் எங்கள் மன்றத்துக்கு அனுப்பி வைத்தார். நாடகங்களை நான் எழுதினேன், அவர் வில்லன். அவருடைய தங்கை செசிலி பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்துபோகிற வசனத்தை அடிக்குரலில் எடுத்துக்கொடுப்பாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பெண்ணுக்கு அடுத்த வரி தவறாது. எங்கள் கதாநாயகர்கள் பலர் மாலை வாங்கியது அவள் புண்ணியத்தில்தான்.

அருளப்பனின் சிரிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். கொலைக்கு முன்னால் ஒரு சிரிப்பு, பின்னால் ஒரு சிரிப்பு என்று நான் எழுதுவேன். அவர் சிரித்தால் முன்வரிசைப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மாள் மறுநாள் அவருக்கு மீன் கொடுக்க மறுத்ததை நானே பார்த்தேன். "ஒனக்கு மீனு கெடையாது, போ! அந்தப் பொண்ண நேத்து இன்னா பாடு படுத்துன நீ, பாவி!" என்று கத்தியைக் காட்டினாள். அவர் கையில் பையோடு நின்று சிரித்தார். மேடையில் கழுத்தை நெரித்துவிட்டு உள்ளே வந்ததும் கதாநாயகியிடம், "வலிச்சுதாம்மா?" என்று தவறாமல் கேட்கிற மனிதர். கிறிஸ்துமஸுக்குக் கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்.

ஒருமுறை ராயபுரத்தில் ஒரு தியேட்டருக்குப் போனோம். படத்தில் ஒரு பைத்தியக்காரக் கொலைகாரன். கண்ணை உருட்டுகிறான், தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிறான், அவன் வந்தாலே திரை சிவக்கிறது. அருளப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார் இது? இவன் வர்றதுக்கு முன்னாடி பிடில் வாசிக்கிறாங்க, காத்து அடிக்குது, ஜன்னல் ஆடுது. அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதா? இந்த மாதிரி ஒருத்தன் நம்ம தெருவுல நொழஞ்சா நாயே வுடாதே!" என்றார். முன்னால் இருந்தவர் "யோவ், கம்முனு கெட" என்று திரும்பினார். அருளப்பன் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை சிரித்தோம். கொலைகாரனை வைத்து நாங்கள் வேடிக்கையாகச் சிரித்தது அதுதான் கடைசி.

வின்சென்ட் என்று இங்கே ஒரு பெயர் வைக்கிறேன். உண்மைப் பெயரை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவன் தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்தான். நல்ல நிறம், சீவிய தலை, வெள்ளைச் சட்டை. மாதா கோயில் தேர் தூக்கத் தோள் கொடுப்பான், கிழவிகளைக் கைபிடித்துப் படியேற்றுவான், யாரைப் பார்த்தாலும் "சாப்டீங்களா?" என்று கேட்பான். "தங்கமான புள்ள" என்று கோயில் தெருவே சொன்னது. செசிலியைப் பெண் கேட்டான். அவளுக்கும் பிடித்திருந்தது. அவர்கள் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அருளப்பனுக்கும் சந்தோஷந்தான். ஒத்திகைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தவரே அவர்தான்.

ஒத்திகையில் அவன் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவான். நான் என் எழுத்தை ரசிக்கிறான் என்று நினைத்து அவனுக்கு டீ வரவழைத்தேன். அருளப்பன் வேறொன்றைப் பார்த்திருக்கிறார். "சார், நான் கழுத்த நெரிக்கிற சீன்ல அவன் கொட்டாவி வுடறான். நம்ம ஹீரோ அழுவுறான் இல்ல, அப்பத்தான் நிமிந்து உக்கார்றான். அவன் வாயப் பாருங்க," என்றார். பார்த்தேன். கதாநாயகன் அழ அழ, வின்சென்டின் உதடும் கூடவே கோணிக்கொண்டு போனது. கண்ணில் ஒன்றும் இல்லை. பிறகு அவன் அருளப்பனிடம் வந்து, "அண்ணே, அழுவுறப்ப மூச்ச எங்க இழுத்துக்கணும்? மொதல்லயா, நடுவுலயா?" என்று கேட்டான். சைக்கிளுக்குப் பங்சர் ஒட்டுவது எப்படி என்று கேட்கிற குரலில் கேட்டான். நடிப்பு ஆசை என்று நான் சொன்னேன்.

அந்த மாதத்தில்தான் எங்கள் ஆர்மோனியக்காரர் தங்கவேலுவின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். வியாசர்பாடியில் வீடு. மன்றத்தார் எல்லோரும் போனோம், வின்சென்டும் மாலையோடு வந்தான். தங்கவேலுவைக் கட்டிக்கொண்டு அவன் அழுததைப் பார்த்து நானே கலங்கினேன். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினான். இரண்டு கைகளையும் கூப்பி, முகமெல்லாம் பணிவாக, "போயிட்டு வரேண்ணே," என்றான். இழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. போய்விட்டு வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றல்லவா ஆகிறது! ஒப்பாரி வைத்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். "ஐயையோ, இன்னா பேச்சு பேசறான் இவன்! வாயக் கழுவுடா," என்றாள் ஒருத்தி.

நாக்குப் புரள்வது யாருக்கும் நடக்கும். நானும் அப்படித்தான் சமாதானம் சொன்னேன். அருளப்பனோடு நடந்து திரும்பினேன். பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்தபோது நின்றார். "தப்பு பண்றது பெருசு இல்ல சார். நீங்களோ நானோ சொல்லியிருந்தா நாக்கக் கடிச்சிகினு இருப்போம், மூஞ்சி சுருங்கியிருக்கும். அவன் மூஞ்சி சுருங்கல. நம்ம ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்தான். எங்க தப்பாச்சுன்னு தேடுனான். மேடையில வசனம் மறந்தவன் முழிப்பானே, அந்த முழி. வசனம் மறந்துபோனா பரவால்ல சார், அவனுக்கு உள்ள வசனத்தத் தவிர ஒண்ணுமே இல்ல," என்றார். மறுபடி நடக்க ஆரம்பித்து, "அவன் ஆளு இல்ல. டூப்பு," என்றார். சினிமாவில் நடிகனுக்குப் பதிலாக, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு குதிக்கிறவனுக்கு அந்தப் பெயர். பின்னாளில் ஒரு டாக்டர் நண்பர், மனசாட்சியே இல்லாமல் பிறந்து மற்றவர்களைப் பார்த்துப் பாவனை செய்கிறவர்களுக்கு ஆங்கில வைத்தியத்தில் ஒரு நீளமான பெயர் இருப்பதாகச் சொன்னார். எனக்கு அருளப்பன் வைத்த பெயரே போதும்.

கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்று அவர் வீட்டில் சொன்னபோது என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "வில்லன் வேசம் போட்டுப் போட்டு ஒனக்கு மூள கலங்கிப்போச்சு," என்றார் அம்மா. செசிலி இன்னும் மோசமாகப் பேசிவிட்டாள். "ஒன் மூஞ்சிய வச்சிகினு நீ அடுத்தவன் மூஞ்சிய சொல்றியா?" என்று கேட்டுவிட்டாள். அவரிடம் காட்ட ஒரு ஆதாரமும் கிடையாது. அவன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வேறு பெண்ணோடு சுற்றவில்லை. இழவு வீட்டில் ஒரு வார்த்தை தவறிப் பேசினான், அவ்வளவுதான். அருளப்பனுக்கே சில நாள் சந்தேகம் வந்தது. "நான்தான் லூசாயிட்டேனா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

கத்தோலிக்கர் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படிப்பார். மூன்றாவது ஓலையன்று என்னையும் வரச் சொன்னார் அருளப்பன். நான் சைவன், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். சாமியார் படித்து முடித்ததும் அருளப்பன் எழுந்து நின்றார். "எனக்குத் தெரியும் சாமி," என்றார். அந்தக் கரகரத்த குரல் கூரை வரைக்கும் போனது. "என்ன தடை?" என்று சாமியார் திகைத்துப்போய்க் கேட்டார். "சாவு வூட்ல போயிட்டு வரேன்னு சொன்னான் சாமி." கோயில் சிரித்தது. சிலுவைக்கு முன்னால் அத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. பூசை முடிந்து பேசிக்கொள்ளலாம் என்று சாமியார் அவரை உட்காரச் சொன்னார்.

பூசை முடிந்து சாமியார் பங்களா வராந்தாவில் எல்லோரும் கூடினோம். செசிலி அம்மாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். வின்சென்ட் கோபப்படவில்லை. மெதுவாக முன்னால் வந்து, அருளப்பனைப் பார்த்துக் கை கூப்பினான். கண்ணில் தண்ணீர் நிறைந்தது. "உங்கள் மனம் குளிராத மணம் எனக்கு வேண்டாம் அண்ணா. நான் விலகிப் போகிறேன்," என்றான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஆஹா, என்ன அழகாகப் பேசுகிறான் என்று நானும் உருகினேன். உருகி முடிக்கும்போதுதான் அது நான் எழுதிய வசனம் என்று உறைத்தது. எங்கள் கதாநாயகன் இரண்டாம் அங்கத்தில் பேசுவது. எழுத்துக்கு எழுத்து அதேதான், மூச்சு இழுக்கிற இடம் உட்பட. "நான் விலகுவது வெறுப்பினால் அல்ல..." என்று சொல்லி அவன் நின்றான். அடுத்தது வரவில்லை.

அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து, அடிக்குரலில், "விரும்பியதனால்," என்றாள் செசிலி.

"விரும்பியதனால்," என்றான் வின்சென்ட்.

பழக்கதோஷம். யாராவது வசனத்தில் தடுக்கினால் எடுத்துக்கொடுத்துக் கொடுத்தே வளர்ந்த பெண் அவள். எடுத்துக்கொடுத்துவிட்டு, தான் செய்தது என்ன என்று புரிந்து அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வரியை வாங்கிக்கொண்ட நிம்மதியோடு மிச்சத்தையும் பேசி முடித்தான். சாமியார் "பார்த்தீர்களா, எப்பேர்ப்பட்ட மனசு!" என்று அருளப்பனைக் கடிந்துகொள்ள ஆரம்பித்தார். செசிலி முன்னால் வந்து, "எனக்கு வேணாம் சாமி," என்றாள். ஏன் என்று கேட்டதற்கு வேறெதுவும் சொல்லவில்லை. அண்ணனுக்குப் பயந்து சொல்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியது. தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்தவன் என்ற பெயர் அன்று அருளப்பனுக்கு வந்து சேர்ந்தது, சாகும்வரை போகவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு வின்சென்ட் அவரிடம் தனியாக வந்திருக்கிறான். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. "அன்னிக்கி அந்த சாவு வூட்ல நான் எங்கண்ணே தப்பு பண்ணேன்?" என்று கேட்டிருக்கிறான். அருளப்பன் பதில் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் இழவு வீட்டிலிருந்து போகும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். கூட நடிக்கிறவன் தப்பு செய்தால் திருத்துவது அவருக்கு வழக்கம். "சரிண்ணே," என்று தலையாட்டிவிட்டு அவன் போயிருக்கிறான்.

அடுத்த வருடம் வின்சென்டுக்குத் திருவொற்றியூரில் பெண் நிச்சயமானது. பெண் பெயர் ரெஜினா. கேள்விப்பட்டதும் அருளப்பன் அந்த வீட்டுக்குப் போனார். அவர்கள் எங்கள் நாடகம் பார்த்தவர்கள். வாசலில் அந்தத் தழும்பைக் கண்டதுமே ரெஜினாவின் அப்பா, "வில்லனுக்கு இங்க இன்னா வேலை?" என்று கேட்டிருக்கிறார். பாதி சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளேயிருந்து அந்தப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாளாம். "என்னப் பாத்து பயந்துகினே சிரிச்சா சார். அவனப் பாத்து பயப்பட வேண்டிய பொண்ணு," என்று பலமுறை சொல்லியிருக்கிறார். கல்யாணம் நடந்தது. ஒரு வருடம் முடிவதற்குள் எண்ணூர் முகத்துவாரத்தில் ரெஜினாவின் உடல் கிடைத்தது. நண்டு பிடிப்பதை வேடிக்கை பார்க்கப் போனோம், கால் வழுக்கிவிட்டது என்று அவன் சொன்னான். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. எதுவும் நிரூபணமாகவில்லை. எனக்கும் நிரூபிக்கத் தெரியாது.

அந்த இழவு வீட்டுக்கு நானும் அருளப்பனும் போய்க் கடைசியில் நின்றோம். வின்சென்ட் அழுததைப் பற்றி ஊர் இன்றும் பேசுகிறது. அவனோடு வேலை பார்க்கிற ஒருவர், பாவம், சின்னப் பையன், துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது வாய் தவறி, "போயிட்டு வரேண்ணே," என்றுவிட்டார். வின்சென்ட் அழுகையை நிறுத்தினான். அந்தப் பையனின் தோளில் கை வைத்து, மிருதுவாக, "இங்க அப்டி சொல்லக் கூடாதுப்பா. திரும்பிப் பாக்காம போயிடணும்," என்றான். பிறகு விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தான். அருளப்பன் என் கையைப் பிடித்தார். வின்ச் ஓட்டுகிற கை அது, எனக்கு வலித்தது. "நாந்தான் சார் அவனுக்குக் கத்துக்குடுத்தேன்," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு சினிமாக் கம்பெனி அவரைத் தேடி வந்தது. கோடம்பாக்கத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். பைத்தியக்காரக் கொலைகாரன் வேஷம். டைரக்டர் முகத்தைப் பார்த்தார், திருப்தி. "சிரிங்க பார்ப்போம்," என்றார். அருளப்பன், "சிரிக்க மாட்டேன் சார்," என்றார். பிறகு டைரக்டருக்கு அருகில் போய், சட்டைக் காலரை அன்பாகச் சரிசெய்துவிட்டு, "சாப்டீங்களா?" என்று கேட்டார். வின்சென்டின் குரல் அப்படியே இருந்தது. டைரக்டர் சிரித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பயம் வரலையே! ஜனங்களுக்கு இவன் கெட்டவன்னு எப்படிப்பா புரியும்?" என்றார். "புரியாதுதான் சார். புரியாமத்தான் பொண்ணு குடுக்குறாங்க," என்றார் அருளப்பன். வாய்ப்பு போயிற்று. மேடையிலும் அவர் மறுபடி ஏறவில்லை. நம் மன்றத்தில் சிலர் இன்றும் அவருக்குத் தலைக்கனம் என்று நினைக்கிறீர்கள். காரணம் தலைக்கனம் அல்ல. "நான் அப்டி சிரிச்சி சிரிச்சி, கொலகாரன்னா என் மூஞ்சிதான்னு ஜனங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கேன். போதும் சார்," என்று சொன்னார். சினிமாக்காரர்கள் அந்தப் பாடத்தை இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, கண்ணை உருட்டுகிறவனைத் தேடிக்கொண்டு நாம் வீதியில் நடக்கிறோம். அது தப்பு என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது.

கல்லறைத் திருநாள்தோறும் அருளப்பன் ரெஜினாவின் குழிக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். யார் எவர் என்று தெரியாத பெண்ணுக்கு, அவளுடைய சொந்தக்காரர்கள் முறைக்க முறைக்க ஏற்றுவார். வின்சென்டும் தவறாமல் வருவான். இருப்பதிலேயே பெரிய மாலை அவனுடையதுதான். இப்படி ஒரு புருஷன் கிடைக்க அவள் கொடுத்துவைக்கவில்லை என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவன் அருளப்பனைக் கண்டதும் கும்பிட்டு, குடும்பத்தை விசாரித்து, கடைசியில், "செசிலி சௌக்கியமாண்ணே? எங்க கீறாங்க இப்ப?" என்று கேட்பானாம். ஒரு வருடம்கூட அருளப்பன் பதில் சொன்னதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற பழக்கத்தை அவர் விட்டுவிட்டிருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பயம். அதை ஒரு சொத்தாகத்தான் சொல்கிறேன். ஊரே சிரித்தபோது அந்தப் பயத்தோடு எழுந்து நிற்க அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் செசிலி இரண்டு பிள்ளைகளோடு உயிரோடு இருக்கிறாள். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவளிடம், வருகிற கல்லறைத் திருநாளுக்கு ரெஜினாவின் குழிக்கு நான் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று சொன்னேன். "நானும் வரேன் சார்," என்றாள். வேண்டாம்மா, அவன் அங்கே இருப்பான், உன்னைப் பார்க்கக் கூடாது என்றேன். அவள் ஸ்டீபனைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் குழியில நான் இருந்திருக்கணும் சார். மெழுகுவத்திய என் கையில குடுங்க."